பெரியவர் இல்லாத தீவில் பிள்ளைகள் என்ன ஆவார்கள்?

பால்மரத்தடி | வெள்ளி, இரவு 8:40

போன சனிக்கிழமை கோவில் மண்டபத்தில் நம் வாசகர் வட்டம் கூடியபோது நேரம் போதவில்லை. பேச்சு சூடு பிடித்த வேளையில் பூசாரி சாவிக்கொத்தோடு வந்து நின்றுவிட்டார். விட்ட இடத்திலிருந்து இங்கே தொடர்கிறேன்.

வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். வில்லியம் கோல்டிங் 1954இல் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்’ நாவல். போர்க்காலத்தில் ஆங்கிலேயச் சிறுவர்களை ஏற்றிவந்த விமானம் ஆளில்லாத தீவில் விழுகிறது. பெரியவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கரையில் கிடைத்த சங்கு யார் கையில் இருக்கிறதோ அவன்தான் கூட்டத்தில் பேசலாம். கப்பல்காரர் கண்ணில் படுவதற்காக மலைமேல் நெருப்பு மூட்டுகிறார்கள். ஜாக் என்பவன் பன்றி வேட்டைக்கு ஆள் சேர்க்கிறான். முகத்தில் சாயம் ஏறுகிறது, கையில் ஈட்டி ஏறுகிறது. சைமனைக் கும்பலாக அடித்துக் கொல்கிறார்கள். பிக்கி என்ற குண்டுப் பையன் மேல் பாறை உருண்டு வருகிறது. அவன் கையிலிருந்த சங்கும் பொடிப்பொடியாகிறது. கடைசியில் ரால்ஃபையே துரத்திக்கொண்டிருக்கும்போது கடற்படை அதிகாரி ஒருவர் கரையில் வந்து நிற்கிறார்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 31 ஆண்டு மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்தியவன் நான். கோல்டிங்கும் வாத்தியார்தான், சால்ஸ்பரியில் பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே எழுதியவர். அந்தப் புத்தகத்தில் ஓர் இடம் வருகிறது. ரோஜர் என்ற பையன் மறைந்து நின்று ஒரு சின்னப் பிள்ளையை நோக்கிக் கல் வீசுகிறான். ஆனால் பிள்ளையின் மேல் படாதபடி, சுற்றிலும் சில கஜம் இடம் விட்டு வீசுகிறான். வீட்டில் அம்மா, பள்ளியில் ஆசிரியர், தெருவில் போலீஸ்காரர் எல்லாருமாகச் சேர்ந்து போட்ட கண்ணுக்குத் தெரியாத கோடு அது. அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. பாறையை நெம்பி பிக்கியின் மேல் தள்ளுபவனும் இதே ரோஜர்தான். கோடு நாம் போட்டது, கல் அவனுடையது. பிள்ளைகள் களங்கமற்றவர்கள் என்று மேடையில் பேசலாம். வகுப்பில் நின்றவனுக்குத் தெரியும்.

லயத்துப்பேத்தி | வெள்ளி, இரவு 9:26

வணக்கம் ஐயா. கதையை வைத்துப் பிள்ளைகளுக்குத் தண்டனை விதிக்காதீர்கள். நடந்ததை வைத்துப் பேசுவோம்.

1965 ஜூனில் டோங்கா நாட்டில் விடுதிப் பள்ளியிலிருந்து ஆறு பையன்கள் ஓடிப்போனார்கள். பள்ளிச் சாப்பாடு பிடிக்கவில்லை. ஒரு மீனவரின் படகைத் திருடிக்கொண்டு கிளம்பினார்கள். புயலில் பாய் கிழிந்தது, எட்டு நாள் கடலில் மிதந்து ‘ஆட்டா’ என்ற ஆளில்லாத தீவில் ஒதுங்கினார்கள். அங்கே 15 மாதம். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் தற்செயலாகப் பார்த்துக் காப்பாற்றினார்.

போய்ப் பார்த்தால் என்ன இருந்தது? தோட்டம் போட்டிருந்தார்கள். மழைநீர் பிடிக்க மரத்தைக் குடைந்திருந்தார்கள். கோழிக்கூடு இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக நெருப்பை அணையவிடவில்லை. நாவலில் அந்தப் பிள்ளைகளால் முடியாத காரியம் இது! சண்டை வந்தால் இருவரும் தீவின் ஆளுக்கொரு பக்கம் போய்விட வேண்டும், கோபம் தணிந்தபின் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவன் பாறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டான். குச்சியும் இலையும் வைத்துக் கட்டினார்கள், அவன் பங்கு வேலையையும் மற்றவர்கள் செய்தார்கள். தேங்காய்ச் சிரட்டையில் கித்தார் செய்து மாலையில் பாடினார்கள்.

கரை சேர்ந்ததும் என்ன நடந்தது தெரியுமா? படகுக்காரர் புகார் கொடுத்திருந்ததால் போலீஸ் ஆறு பேரையும் பிடித்து உள்ளே போட்டது. நாகரிகம் அவர்களை வரவேற்ற அழகு அது.

கிராணி வீட்டுப் பையன் | வெள்ளி, இரவு 10:03

இருவருக்கும் ஒரு சின்னத் திருத்தம்.

அம்மா, டோங்கா கதை உண்மை. ஆனால் ஒப்பிடும்போது நிதானம் வேண்டும். அவர்கள் ஆறே பேர், ஒரே பள்ளி, ஏற்கெனவே கூட்டாளிகள், வயதும் பதின்மம். கடலையும் கிழங்கையும் பிறந்ததிலிருந்தே அறிந்தவர்கள், காலையும் மாலையும் கூடி ஜெபம் செய்தவர்கள். நாவலில் இருப்பது பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பெருங்கூட்டம். பலர் ஆறு வயதுப் பொடியன்கள். ஆறு பேர் ஒத்துப்போனதை வைத்து உலகத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் நற்சான்றிதழ் எழுத முடியாது.

ஐயா, உங்களுக்கு ஒன்று. கோல்டிங் ஆகாயத்திலிருந்து இந்தக் கதையை இறக்கவில்லை. 1857இல் பாலண்டைன் என்பவர் ‘கோரல் ஐலண்ட்’ என்று எழுதினார். மூன்று ஆங்கிலேயப் பையன்கள் தீவில் சிக்குகிறார்கள், சமர்த்தாக வாழ்கிறார்கள். கொடுமை எல்லாம் தீவுவாசிகள் தலையில். அந்தப் பொய்யைக் கிழிக்கத்தான் கோல்டிங் அதே பெயர்களை, ரால்ஃபையும் ஜாக்கையும், எடுத்துக்கொண்டார். அவர் கடற்படையில் இருந்தவர், 1944இல் நார்மண்டிக் கரையில் ராக்கெட் படகு நடத்தியவர். படித்த மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர். ஆகவே இந்த நாவல் ‘பிள்ளைகள்’ பற்றியது என்பதே பாதி தவறு. அது வெள்ளைக்காரத் துரை வீட்டுப் பிள்ளைகள் பற்றியது.

முதலில் பதிப்பகத்தில் வாசித்துப் பார்த்தவர், குப்பை, சலிப்பு என்று குறிப்பெழுதி ஒதுக்கிவிட்டார். சார்லஸ் மான்டீத் என்ற இளம் பதிப்பாசிரியர்தான் அதைக் கிளறி எடுத்துக் காப்பாற்றினார். 1983இல் கோல்டிங்குக்கு நோபல் பரிசு. குப்பை என்றவரின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும்!

மூக்குக்கண்ணாடி | வெள்ளி, இரவு 10:31

நான் கண்ணாடிக் கடைக்காரன். எனக்கு இலக்கியம் தெரியாது, லென்ஸ் தெரியும். பிக்கியின் கண்ணாடியை வெயிலில் பிடித்துத்தான் அவர்கள் நெருப்பு மூட்டுகிறார்கள். அவனுக்குக் கிட்டப்பார்வை என்று நாவலே சொல்கிறது. கிட்டப்பார்வைக்குக் கொடுப்பது குழி லென்ஸ். அது வெயிலைப் பரப்பும், ஒரு புள்ளியில் குவிக்காது. நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாலும் ஒரு சருகு கருகாது. நெருப்பே பிடிக்காத தீவில் நெருப்புக்காகச் சண்டை எப்படி வந்தது? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கிராணி வீட்டுப் பையன் | வெள்ளி, இரவு 10:34

எல்லாரும் அறிந்த பிழைதான். கதை அதனால் சாகவில்லை.

மூக்குக்கண்ணாடி | வெள்ளி, இரவு 10:36

லென்ஸ் செத்துவிட்டதே.

செம்பனை லாரி | சனி, காலை 6:15

நேற்று இரவு ஆலை வாசலில் வரிசையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு முன்னால் பதினான்கு லாரி. இப்போது வீடு வந்து எழுதுகிறேன். முதலில் ஒரு விண்ணப்பம்: ‘காட்டுமிராண்டி’ என்ற சொல் மண்டபத்தில் பத்துத் தடவை வந்தது. இங்கே அது வேண்டாம். காட்டில் இருப்பவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

2015இல் கிளந்தானில் குவா மூசாங் பக்கம் ஏழு ஒராங் அஸ்லிப் (பழங்குடி) பிள்ளைகள் பள்ளி விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடினார்களே, நினைவிருக்கிறதா? ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயத்தில் ஓடினார்கள். ஒன்றரை மாதம் கழித்து இரண்டு பெண்பிள்ளைகள் மட்டும் எலும்பும் தோலுமாக உயிரோடு கிடைத்தார்கள். அந்த ஏழு பேரும் ஒருவரையொருவர் வேட்டையாடவில்லை. அவர்களைக் காட்டுக்குள் துரத்தியது பிரம்பு பற்றிய பயம். இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், வாத்தியார் ஐயா.

லயத்துப்பேத்தி | சனி, காலை 7:50

நன்றி அண்ணன். நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். 2023 மே முதல் தேதி கொலம்பியாவில் அமேசான் காட்டில் சிறு விமானம் விழுந்தது. தாய் இறந்துவிட்டாள். நான்கு பிள்ளைகள்; மூத்தவளுக்கு 13, கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. 40 நாள் கழித்து நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானத்திலிருந்து மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டாள் அந்தப் பெண். எந்தக் காய் தின்னலாம், எது கூடாது என்று பாட்டி சொல்லிக்கொடுத்திருந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கோல்டிங்கின் தீவில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கைக்குழந்தையும் இல்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு போக ஒரு தங்கை இருந்தால் எவனும் ஈட்டி பிடிக்க மாட்டான், கை ஒழியாது.

பால்மரத்தடி | சனி, காலை 10:12

நீங்கள் மூவரும் நல்ல பிள்ளைகளின் கதையாகவே தேடி எடுத்து வருகிறீர்கள். நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1983, மழைக்காலம். கிராணி வீட்டுத் தம்பி சொன்ன நோபல் பரிசு ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், ஆற்றங்கரையில் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளி. பெயர் வேண்டாம். இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், ஒரு மணி. தலைமையாசிரியர் ஈப்போவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். காலையில் பிடித்த மழை விடவில்லை. மத்தியானம் மரப்பாலத்தின் நடுப்பலகைகள் போய்விட்டன. மறுகரை லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் பதினேழு பேர் வீட்டுக்குப் போக வழியில்லை. நான் ஒருவன்தான். மேட்டுப்பாதையில் சுற்றிக்கொண்டு தோட்ட ஆபீசுக்கு நடந்து போய்த் தகவல் சொல்லி, சாப்பாடும் மண்ணெண்ணெய் விளக்கும் வாங்கிவரப் போனேன். திரும்ப நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

இருட்டுகிற நேரம். தூரத்தில் வரும்போதே வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. படிக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். கிட்டே வந்தால், தாழ்வாரத் தூணில் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனை மணிக்கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். சாரல் அவன் மேல் அடிக்கிறது. கால்சட்டை நனைந்திருப்பது மழையால் மட்டுமில்லை என்று பார்த்ததும் தெரிந்தது. சத்துணவு பிஸ்கட் டின் காலி. பொடிசுகள் மேசைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய பையன்கள் நான்கைந்து பேர் தூணைச் சுற்றி நிற்கிறார்கள், ஒருவன் கையில் பிரம்பு.

நாலு மணி நேரம் அம்மா, நாலே மணி நேரம்! தீவு வேண்டாம், போர் வேண்டாம். பத்து ஆண்டுகள் கழித்து இந்த நாவலைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியே இல்லை.

கிராணி வீட்டுப் பையன் | சனி, காலை 11:20

ஐயா எழுதியதைப் படித்தபின் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. ஓர் ஆராய்ச்சி நினைவுக்கு வருகிறது. நாவல் வெளிவந்த அதே 1954இல் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் பதினொரு வயதுப் பையன்கள் 22 பேரை முகாமுக்கு அழைத்துப்போனார். இரண்டு அணியாகப் பிரித்தார், பரிசு வைத்துப் போட்டி நடத்தினார். சில நாளில் கொடி எரிப்பு, குடில் சூறையாடல் எல்லாம் நடந்தது. பிள்ளைகள் பிறவியிலேயே மோசம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் முந்தைய ஆண்டு அவர் இதையே இன்னோர் இடத்தில் செய்து பார்த்துத் தோற்றிருந்தார். அங்கே பையன்கள் அணி பிரிப்பதற்கு முன்பே சிநேகிதர்களாகிவிட்டதால், பெரியவர்கள் எவ்வளவு மூட்டிவிட்டும் சண்டை பிடிக்கவில்லை. ஆக, சண்டை வர முதலில் ஒரு பெரியவர் கோடு கிழிக்க வேண்டியிருந்தது.

கோல்டிங்கே அப்படிச் செய்தவர்தான். ஒரு பழைய மண்கோட்டைக்குத் தன் மாணவர்களை அழைத்துப்போய், பாதிப்பேர் தாக்குங்கள், பாதிப்பேர் காத்துக்கொள்ளுங்கள் என்று அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்தவர். என் கேள்வி: நீங்கள் போகும்போது பிள்ளைகளிடம் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள்?

பால்மரத்தடி | சனி, மதியம் 12:05

சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருங்கள் என்றேன். வேறென்ன சொல்வார்கள்?

லயத்துப்பேத்தி | சனி, மதியம் 1:40

ஐயா, உங்கள் கதைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. என் பாட்டியின் கதையைச் சொல்கிறேன். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஜப்பான்காரன் காலம். இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். கொள்ளுத் தாத்தாவைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள், அவர் திரும்பவில்லை. கொள்ளுப்பாட்டி காய்ச்சலில் போய்விட்டார். பாட்டிக்குப் பன்னிரண்டு வயது, கீழே இரண்டு தம்பி. அந்த லயத்தில் இப்படிப் பெற்றோர் இல்லாத பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இருந்தார்கள், ஆனால் அவரவர் வயிற்றைப் பார்க்கவே நேரமில்லை. அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். ஒரே பானை. கிழங்கைப் பங்கிட நூல் வைத்திருந்தார்கள். சேலையிலிருந்து உருவிய நூல். கிழங்கின் நீளத்துக்கு நூலைப் பிடித்து, மூன்று முறை மடித்து, முடிச்சுப் போட்டு, அந்த அளவில் எட்டாக நறுக்குவார்கள். நறுக்கியவள் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாட்டியே போட்டது. நான் பெருமையோடு இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாவதற்கு முந்தைய வருடம் பாட்டி மீதியைச் சொன்னார். எட்டாவது பிள்ளை வேறு லயத்துப் பெண், ஐந்து வயது, கழிச்சலில் படுத்த படுக்கை. எப்படியும் பிழைக்காது என்று தெரிந்த பிறகு, மூன்று நாள் பாட்டி நூலை ஏழாக மடித்தார். அது முனகிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்ததாம். நாலாம் நாள் போய்விட்டது. ‘நூலை ஏழாக மடிப்பது கஷ்டம் தாயி, எட்டுத்தான் சுலபம்’ என்று அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூக்குக்கண்ணாடி | சனி, மதியம் 2:02

லென்ஸ் விஷயத்தை விட்டுவிடுகிறேன் அக்கா.

பால்மரத்தடி | சனி, மதியம் 2:30

‘சங்கு சுட்டாலும் வெண்மை தரும்’ என்று ஔவையார் பாடியதை மூன்றாம் வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன். கோல்டிங்கின் சங்கும் வெயிலில் வெளுத்து வெண்மையாகத்தான் ஆகிறது, பிறகு உடைகிறது. உங்கள் பாட்டி மேன்மக்கள்தான் அம்மா. மூன்று நாள் சங்கு உடைந்தது. நான் சொல்வதும் அதைத்தான். பசியும் பயமும் போதுமான அளவு வந்தால் யாருக்கும் உடையும். நல்லவர்களுக்கும்.

லயத்துப்பேத்தி | சனி, மதியம் 2:41

உடைந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அறுபது வருடம் அவர் அதைச் சுமந்தாரே, அது எதனால்? அதைப் பற்றி நாவலில் ஒரு பக்கம்கூட இல்லை. அதிகாரி வந்ததும் ரால்ஃப் அழுகிறான், கதை முடிகிறது. மற்றவர்கள் ஊருக்குப் போய் எப்படித் தூங்கினார்கள்?

பொறுப்பாளர் | சனி, மாலை 4:00

நண்பர்களே, விவாதம் நன்றாகப் போகிறது. தனிப்பட்ட முறையில் யாரையும் சீண்ட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். (இருவர் தனிச்செய்தியில் சண்டை போட்டதாகக் கேள்வி.) தலைப்பைப் பூட்டும் எண்ணம் இல்லை. எழுத்துத் தமிழில் எழுதும் நம் வழக்கத்தைக் காப்பாற்றுவதற்கும் நன்றி.

கிராணி வீட்டுப் பையன் | சனி, மாலை 5:25

சற்று இலகுவான செய்தி. 1888இல் ழூல் வெர்னும் இதே போல் எழுதினார். ஆக்லாந்திலிருந்து கப்பலோடு அடித்துச் செல்லப்பட்ட 15 பையன்கள், இரண்டு வருடம் தீவில். அவர்கள் குடியரசே நடத்துகிறார்கள், தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சமையல் பார்க்கும் மோக்கோ என்ற கறுப்பினப் பையனுக்கு மட்டும் வாக்கு இல்லை. வெர்ன் அதைச் சாதாரணமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

செம்பனை லாரி | சனி, மாலை 6:10

இலகுவான செய்தியா இது? பிள்ளைகள் ஒழுங்காக இருக்கும் தீவில் சமைக்கிறவனுக்கு ஓட்டு இல்லை. துரை பங்களாவும் அப்படித்தான் ஒழுங்காக இருந்தது.

டோங்காத் தீவைப் பற்றியும் அக்கா ஒன்றை விட்டுவிட்டார். அந்தத் தீவு ஏன் ஆளில்லாமல் கிடந்தது? தேடிப் படித்தேன். 1863இல் ஆள்பிடிக்கும் கப்பல் ஒன்று வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. மிச்சம் இருந்தவர்களை அரசர் வேறு தீவில் குடிவைத்தார். நூறு வருடம் கழித்து அந்த ஆறு பையன்களுக்குச் சோறு போட்டது, அப்படிப் பிடித்துப் போகப்பட்டவர்கள் விட்டுப்போன கோழியும் வாழையும் கிழங்கும்தான். நம்மையும் கப்பலில்தான் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதனால் அந்த வரியைப் படித்துவிட்டு லாரியைக் கொஞ்சம் ஓரம் கட்டினேன்.

இனி வாத்தியார் ஐயாவுக்கு. காலையிலிருந்து எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நானும் அந்தப் பதினேழு பேரில் ஒருவன். ஐந்தாம் ஆண்டு. என்னை அடையாளம் தெரியாமல்தான் நீங்கள் எழுதினீர்கள்.

நீங்கள் சத்தம் போடாமல் படியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை ஐயா. மேசை இழுப்பறையிலிருந்து பிரம்பை எடுத்துச் சட்டாம்பிள்ளை கையில் கொடுத்தீர்கள். ‘நான் வரும்வரை நீதான் வாத்தியார்’ என்றீர்கள். அந்தத் தீவில் சங்கு இருந்தது. எங்களுக்கு நீங்கள் கொடுத்தது பிரம்பு.

முதல் ஒரு மணி நேரம் அவன் நீங்கள் செய்வதைத்தான் செய்தான். வரிசையாக நிறுத்தி வாய்ப்பாடு கேட்டான். தப்பாகச் சொன்னவனை முட்டி போடவைத்தான். தொண்டையைச் செருமும் விதம்கூட உங்களைப் போலவே. பிறகு பசித்தது. பிஸ்கட் டின்னைத் திறந்தோம். சரியாகச் சொன்னால் ஒன்று என்று அவன் சட்டம் போட்டான். எங்கள் தோட்டத்தில் எதுவும் அப்படித்தானே? பால் நிறுத்துப் பார்த்துத்தான் கூலி. அந்தச் சின்னப் பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. இரண்டாம் ஆண்டுக்கு ஏழாம் வாய்ப்பாடு ஏது? பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு டின்னுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

தூணில் கட்டும் யோசனை யாருடையது என்று நீங்கள் அன்று எல்லாரையும் அடித்துக் கேட்டீர்கள். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது யோசனையே இல்லை. அதற்கு முந்தைய வாரம் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த ரப்பர்) திருடினான் என்று ஒருவரை, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்து விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்திருந்தார்கள். போலீஸ் வரும்வரை, அரை நாள். லயமே பார்த்தது. நாங்கள் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கு வந்தோம். திருடினால் கட்டவேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு.

நீங்கள் வந்து பார்த்தபோது ஒழுங்கு கெட்டுப்போயிருந்தது என்று நினைக்கிறீர்கள். நாங்கள் தோட்டம் நடத்திக்கொண்டிருந்தோம் ஐயா.

கிராணி வீட்டுப் பையன் | சனி, மாலை 6:48

என் அப்பா அந்தத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தாரோ என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

லயத்துப்பேத்தி | சனி, இரவு 7:15

அண்ணன், இதற்கு மேல் நாவலுக்கு என்ன விளக்கம் வேண்டும்? கடைசியில் வரும் அதிகாரி பிள்ளைகளைப் பார்த்து ஆங்கிலேயப் பையன்கள் இதைவிட நன்றாக நடந்துகொண்டிருக்கலாமே என்று வருத்தப்படுகிறார். அவர் பின்னால் கடலில் நிற்பது போர்க்கப்பல். அந்த நாவல் வந்த 1954இல் நம் ஊர் எப்படி இருந்தது? 1948 ஜூனில் இந்தச் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டதோடு ஆங்கிலேயர்கள் மலாயாவில் அவசரகாலம் அறிவித்தார்கள். பிறகு முள்வேலி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி. அந்த வேலிக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். வெள்ளை உடுப்பு அதிகாரி யாரைக் காப்பாற்ற எங்கே போய்க்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியாதா?

பால்மரத்தடி | சனி, இரவு 9:30

மூன்று மணி நேரமாக இந்தப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

தம்பி, பிரம்பைக் கொடுத்தது எனக்கு நினைவில்லை. இல்லை என்று சாதிக்கவும் மாட்டேன். சட்டாம்பிள்ளையிடம் பிரம்பு கொடுப்பது அப்போது எல்லா வாத்தியார்களும் செய்ததுதான். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கும். கம்பத்தில் கட்டிய விஷயமும் எனக்குத் தெரியும். அதைக் கண்டும் காணாமல் போனவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஒன்றை நீ தாண்டிப் போகிறாய். நான் பாதையில் வரும்போது வாய்ப்பாட்டுச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தமும் கேட்டது. ஒட்டுப்பால்காரரைக் கட்டிய கங்காணி சிரிக்கவில்லை. கடனே என்று கட்டிவிட்டுப் போய் வெற்றிலை போட்டார். கட்டுவதை நீங்கள் எங்களிடம் கற்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பை எங்கே கற்றீர்கள்? சாரலில் ஒரு குழந்தை நனைந்து நடுங்குவதைப் பார்த்து ஒருவன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். அது எந்தத் தோட்டத்துச் சட்டம்? நாற்பது வருடமாக என்னைத் தூங்கவிடாதது அந்தச் சிரிப்புத்தான். ரோஜரை நான் நம்புவதும் அதனால்தான்.

செம்பனை லாரி | சனி, இரவு 11:52

சிரித்தது நான்தான் ஐயா.

நினைவிருக்கிறது. அவன் மூக்கு ஒழுகி வாயில் விழுந்தது, கை கட்டியிருந்ததால் துடைக்க முடியவில்லை, நாக்கை நீட்டி நக்கினான். அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் நின்றவன் சிரிக்கவில்லை, சட்டாம்பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். என் மகனுக்கு இப்போது பதினொரு வயது. அவன் சிரிக்கும்போதெல்லாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று எட்டிப் பார்க்கிறேன்.

தூணில் கட்டிய அந்தப் பையனை மூன்று வருடத்துக்கு முன் தங்கை வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தேன். ஜொகூரில் இருக்கிறானாம், இரண்டு பிள்ளைகள். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தான். சாம்பார் வாளியை என் பக்கம் தள்ளினான். அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பால்மரத்தடி | ஞாயிறு, காலை 5:40

அவன் எண் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்பு.